ஏழாம் நம்பர் பொட்டி

வியாழக்கிழமைன்னா அம்பத்தூர் எஸ்டேட்டுல அந்த வரிசைக்கு கரண்ட் கிடையாது. வாரத்துல ஒரு நாள் பவர் கட்டு. மெஷினுக்கும் லீவு, ஆளுக்கும் லீவு. நாய்ங்க கூட நடுரோட்டுல காலை நீட்டிப் படுத்துகினு இருக்கும், ஒரு லாரி வந்து எழுப்பாது. தொண்ணூத்தி ஒண்ணாம் வருஷம், அப்படி ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு, வஹீதுன்னிசா அந்த பிரஸ் ஷாப் கேட்டுக்கு முன்னால வந்து நின்னா.

பூந்தமல்லிலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்தவ. கையில ஒயர் கூடை. அதுக்குள்ள கட்டிங் பிளேயரு, ஸ்க்ரூ டிரைவரு, டார்ச் லைட்டு, ஒரு டப்பால எலுமிச்சம்பழ சாதம். சாதத்த அவ தொடல. பத்து நாளா அவளுக்கு சோறு எறங்கல.

வாட்ச்மேன் உத்தமன் கேட்ட ஒரு ஆள் நுழையற அளவுக்கு மட்டும் தள்ளினான். வேலைக்கு ஆபத்துதான், ஆனா உள்ள அடிபட்டு செத்த ஆளு அவனுக்கும் சிநேகிதன். அதான் ஒத்துக்கினான். சாவிய அவ கையில குடுத்துட்டு, ரகசியம் மாதிரி சொன்னான்.

"வஹீதாக்கா, சீக்கிரம் முடிச்சுட்டு வந்துடு. கரண்ட் இல்லாத நேரத்துல நானே உள்ள போறதில்ல. தட்டற சத்தம் கேக்குது."

"எலியா இருக்கும்."

"எலி எண்ணிக்கினு தட்டாதுக்கா."

அவ முந்தானைய இடுப்புல சொருகிகினு உள்ள போனா.

இன்னா விஷயம்னா, ரெண்டு தெரு தள்ளி கலியமூர்த்தின்னு ஒருத்தர் சின்னதா ஒரு எலக்ட்ரானிக்ஸ் யூனிட் வெச்சிருந்தாரு. அவர் சர்க்யூட் படம் வரைவாரு, ஏழு பொம்பளைங்க வயரிங் பண்ணுவாங்க. அந்த ஏழு பேர்ல மூத்தவ வஹீதுன்னிசா. முப்பத்தாறு வயசு, பதினோரு வருஷ அனுபவம். அவ வயர் நுனியில ஈயம் உருக்கி வெச்சா, கண்ணாடி முத்து மாதிரி பளபளன்னு நிக்கும்.

இந்த பிரஸ் ஷாப்புல பன்னெண்டு பிரஸ். தகட்ட உள்ள வெச்சு பெடலை மிதிச்சா, மேலேர்ந்து இரும்பு எறங்கி டப்புனு ஒரு அழுத்து. ஒவ்வொண்ணுக்கும் முன்னால கம்பிக் கூண்டு மாதிரி ஒரு கதவு. கூண்டு தொறந்திருக்கும்போது கால் தவறி பெடல் மேல பட்டாலும் பிரஸ் எறங்கக் கூடாது. அதுக்குத்தான் ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் கலியமூர்த்தி யூனிட்ல செஞ்ச ஒரு பொட்டி மாட்டினாங்க. கூண்டு தொறந்துகீதா மூடிகீதான்னு பொட்டி சொல்லும். சுவத்துல இருக்கற பேனல் அத கேட்டுக்கும். மூடியிருந்தா பச்சை லைட்டு, தொறந்திருந்தா செவப்பு லைட்டு. செவப்பு எரிஞ்சா அந்த பிரஸ் அசையாது.

பன்னெண்டு பொட்டிக்கும் தனித்தனியா பேனல் வரைக்கும் வயர் இழுக்கல. மாடிக்கு கான்கிரீட் போடும்போது சித்தாளுங்க வரிசையா நின்னு சட்டிய கை மாத்துவாங்க இல்ல, அந்த மாதிரி. கடைசி பொட்டி தன் சேதிய பக்கத்து பொட்டிக்கு குடுக்கும், அது அதுக்கு அடுத்ததுக்கு, கடைசியா ஒண்ணாம் பொட்டி பேனலுக்கு. அதுக்கு நீல வயரு. ஆனா எப்ப குடுக்கணும்? மேஸ்திரி ஒரு குரல் குடுத்தாத்தானே எல்லாரும் ஒரே நேரத்துல கை மாத்துவாங்க. அந்தக் குரல்தான் மஞ்ச வயரு, கிளாக் வயருன்னு சொல்லுவாங்க. பேனல் அதுல ஒரு தட்டு தட்டினா, எல்லா பொட்டியும் கையில இருக்கறத ஒரு படி முன்னால தள்ளும். பன்னெண்டு தட்டு தட்டினா பன்னெண்டு பேர் சேதியும் வந்து சேர்ந்துடும். கிளாக் தட்டலேன்னா ஒண்ணும் நகராது. செத்த பொணம் மாதிரி கிடக்கும்.

ஏழாம் நம்பர் பிரஸ்ல வேலை செஞ்சவன் பாஸ்கரன். ஆவடி பக்கத்து ஆளு, நல்லா பேசுவான். பெடலை மிதிக்கறதுக்கு முன்னால மெஷின் மேல விரல் மடக்கி டொக்குனு ஒரு தட்டு தட்டுவான். "எழுந்திரு மாமே, வேலை கீது"ன்னு மெஷினுக்கே சொல்லுவான். பத்து நாளைக்கு முன்னால, சிக்கின தகட்ட எடுக்க கூண்ட தொறந்து கைய உள்ள விட்டான். கால் வழுக்கி பெடல் மேல பட்டுது. எறங்கக் கூடாத பிரஸ் எறங்கிச்சு. ஆஸ்பத்திரிக்கு போற வழியிலயே ரத்தம் போய் செத்துட்டான். கூண்டு தொறந்திருக்கும்போதே பேனல்ல ஏழாம் லைட்டு பச்சையா எரிஞ்சுதுன்னு பார்த்தவங்க சொன்னாங்க.

பிரஸ் ஷாப் மேனேஜர் பக்தவத்சலம் மறுநாளே ஒரு பேப்பர் டைப் அடிச்சு குடுத்தனுப்பினாரு. ஏழாம் பொட்டியில கிளாக் வயரை சரியா ஈயம் வெக்காதது என் கவனக்குறைவுன்னு எழுதி, கீழ வஹீதுன்னிசா கையெழுத்துக்கு இடம் விட்டிருந்துச்சு. கலியமூர்த்திக்கு இருந்த பெரிய ஆர்டரே அவங்க ஆர்டர்தான். அவர் நல்லவர், ஆனா பயந்த சுபாவம். போட்டுடும்மா, உன்ன வேற யூனிட்ல சேர்த்து விடறேன்னு கெஞ்சினாரு. திங்கக்கிழமை ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வராரு, அதுக்குள்ள பேப்பர் வேணும்னு மேனேஜர் கெடு வெச்சிருந்தாரு.

ஆனா அவ தூக்கத்த கெடுத்தது அந்த பேப்பர் இல்ல. ஆஸ்பத்திரி வெராண்டாவுல பாஸ்கரன் பொண்டாட்டி வனஜா அவ ரெண்டு கையையும் புடிச்சு, திருப்பி திருப்பி பார்த்து கேட்டா. "உங்க கையால பண்ண வயராமே அக்கா. நெசமா?"

அது இவளுக்கே தெரியல. அத தெரிஞ்சுக்கத்தான் இன்னிக்கு வந்தா.

உள்ள இருட்டு. வெளிய தலை வெடிக்கற வெயிலு, உள்ள ஷட்டர் எல்லாம் எறக்கி கெணத்துக்குள்ள எறங்கின மாதிரி. எண்ணெ வாசனை, துரு வாசனை, அதுக்கு அடியில ஃபினாயில் போட்டு கழுவியும் போகாத ஒரு வாசனை. தகர கூரை வெயிலுக்கு சூடாகி அப்பப்ப முறியற மாதிரி சத்தம் போட்டுது. ரெண்டு பக்கமும் பிரஸ்ஸுங்க, தலை குனிஞ்சு நிக்கற ஆளுங்க மாதிரி. அவ செருப்ப கழட்டி ஓரமா விட்டா. ஏன் விட்டான்னு அவளுக்கே தெரியல.

எந்த லைன்ல கை வெக்கறதுக்கு முன்னாலயும் கிளாக்க கழட்டணும். அவ தனக்கு கீழ வேலை செய்யற பொண்ணுங்களுக்கு மொத நாளே சொல்லிக் குடுக்கறது அது. கிளாக் இல்லேன்னா ஒண்ணும் நகராது, நிம்மதியா தேடலாம். டார்ச்ச பேனல் மேல வெச்சுட்டு மஞ்ச வயரோட திருகாணிய தளர்த்தி, கட்டிங் பிளேயரால நுனிய வெளிய இழுத்து விரல்ல புடிச்சுகினா. மெயின் சுவிட்ச பார்த்தா. எறக்கி விட்டிருந்துச்சு. கரண்டும் இல்ல, கிளாக்கும் இல்ல.

ரெண்டு விரலுக்கு நடுவுல மஞ்ச வயரு துடிச்சுது.

கை நடுங்குதோன்னு பார்த்தா. கை நடுங்கல. வயருதான். வைத்தியர் மணிக்கட்ட புடிச்சா நாடி தெரியுமே, அந்த மாதிரி. நிதானமா. ஒண்ணு. அப்புறம் ஒண்ணு.

டொக்.

தூரத்துல, பன்னெண்டாம் பிரஸ் கிட்ட.

டொக். பதினொண்ணு கிட்ட.

பேனல்ல பன்னெண்டு லைட்டும் மெதுவா பச்சையா ஏறிச்சு. அவ மூஞ்சியில, கையில, தரையில எல்லாம் பாசி பூத்த மாதிரி பச்சை.

தட்டு நடந்து வந்துச்சு. பத்து, ஒம்போது, எட்டு. அப்புறம் ஆறு, அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு. பதினோரு தட்டு. ஏழு கிட்ட மட்டும் சத்தம் வரல.

அவ ஏழாம் பிரஸ் பக்கம் பார்த்தா.

பன்னெண்டாவது தட்டு அவ கையில இருந்த கட்டிங் பிளேயர் மேல விழுந்துச்சு.

ஓடியிருக்கலாம். வாசல் இருபது அடிதான். கால் வாசப்பக்கம் திரும்பவும் திரும்பிச்சு. அப்ப அவளுக்கு வந்தது பயம் இல்ல, கோவம். பத்து நாளா எல்லாரும் அவள பயமுறுத்தினாங்க, இப்ப செத்தவனும் வந்துட்டானா?

"பாஸ்கர் அண்ணே," மெதுவா கூப்பிட்டா, "இந்த வேலைலாம் என் கிட்ட வெச்சுக்காத. நான் தப்பு பண்ணியிருந்தா நானே ஒத்துக்கறேன், எவனும் பேப்பர் நீட்ட வேணாம். பண்ணலேன்னா எங்கன்னு காட்டு. காட்டிட்டு அப்புறம் தட்டு."

வயரு விரலுக்குள்ள ஒரு தரம் துடிச்சு நின்னுது. சத்தம் இல்ல.

அவ நேரா ஏழாம் பிரஸ் கிட்ட போயி கூண்ட தொறந்தா. திரும்பி பேனல பார்த்தா. ஏழாம் லைட்டு பச்சையாவே எரிஞ்சுது.

அப்ப நம்ம கைதான். நாமதான் கொன்னுட்டோம். வனஜா திருப்பி திருப்பி பார்த்த அந்த கைய அவ புடவைல தொடச்சா, தொடச்சுகினே இருந்தா. எவ்ளோ நேரம்னு தெரியல.

டொக்.

எட்டாம் பிரஸ் மேல. பக்கத்துலயே.

அவ எட்டாம் கூண்ட தொறந்தா. பேனல்ல எட்டாம் லைட்டு பச்சைதான். செவப்பா மாறினது ஏழாம் லைட்டு.

இன்னொரு தரம் மூடினா, ஏழு பச்சை. தொறந்தா, ஏழு செவப்பு. ஒம்போதாம் கூண்ட தொறந்தா எட்டாம் லைட்டு செவப்பாச்சு.

வரிசையில நிக்கற பன்னெண்டு சித்தாள்ல ஏழாவது ஆள வெளிய இழுத்துட்டா இன்னா ஆவும்? எட்டாவது ஆளு ஏழாவது எடத்துக்கு வந்துடுவா, ஒம்போது எட்டாயிடும். மேஸ்திரி பழைய கணக்குல பன்னெண்டு தரம் கூவிகினே இருப்பாரு. ஏழாவது குரலுக்கு கைக்கு வர்றது எட்டாம் ஆள் சட்டி. அவருக்கு வித்தியாசமே தெரியாது.

அன்னிக்கு ஏழாம் பொட்டி வரிசையிலயே இல்ல. எட்டாம் கூண்டு மூடியிருக்குன்ற சேதிய நம்பித்தான் ஏழாம் பிரஸ் எறங்கியிருக்கு.

எல்லாரும் பத்து நாளா ஏழாம் பொட்டியத்தான் தொறந்து தொறந்து பார்த்தாங்க. அவ ஆறையும் எட்டையும் தொறந்தா. டார்ச்ச கிட்ட கொண்டு போனா. ரெண்டு பொட்டியிலயும் அவ வெச்ச ஈய முத்து மேல இன்னொரு ஈயம், சப்ப மூக்கு மாதிரி, மங்கலா. அதுல அரை அங்குல நீல வயரு நறுக்கின மிச்சம் ஒட்டிகினு இருந்துச்சு. ஆறுலேர்ந்து எட்டுக்கு நேரா வயர் போட்டு ஏழ தாண்டியிருக்காங்க. ஆள் செத்ததும் அத நறுக்கி எறிஞ்சுட்டு, ஏழ பழையபடி வரிசைல கோத்துட்டாங்க. இப்ப பேனல் காட்டினது அவன் செத்த நாளத்தான். ஏழாம் கூண்டோட சுவிட்ச்சு மக்கர் பண்ணிகினு அடிக்கடி பிரஸ்ஸ நிறுத்துதுன்னு பாஸ்கரனே டீக்கடைல பொலம்பினது அவளுக்கு ஞாபகம் வந்துச்சு. ஆர்டர் அவசரத்துல மேனேஜர் போட்ட குறுக்கு வழி.

அவ எதையும் தொடல. மூடியெல்லாம் மூடினா. மஞ்ச வயர திரும்ப மாட்டினா. வெளிய வந்தப்போ உத்தமன் அவ மூஞ்சிய பார்த்துட்டு குடிக்க தண்ணி குடுத்தான். அவ அங்கியே உக்காந்து, டப்பால இருந்த சாதத்த ஒரு பருக்கை விடாம சாப்பிட்டா.

திங்கக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தாரு. கண்ணாடி போட்ட ஒல்லி ஆளு. மேனேஜர் வெள்ளை சட்டையில, நெத்தியில சந்தனத்தோட, ரொம்ப வருத்தமா பேசினாரு. பொம்பளைங்க கை வேலை, ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்காது, புள்ள குட்டி நெனப்புல வயர மறந்துடுவாங்கன்னாரு. கலியமூர்த்தி தரைய பார்த்துகினு நின்னாரு. பேப்பரும் பேனாவும் ஏழாம் பிரஸ் மேலயே வெச்சிருந்துச்சு.

வஹீதுன்னிசா பேனாவ எடுக்கல.

"ஒரே ஒரு கேள்வி மேனேஜர் சார். ஏழாம் பொட்டி அன்னிக்கு இருந்தபடியேதான் இருக்குதா? யாரும் கை வெக்கலயே?"

"எவனும் தொடல. இன்ஸ்பெக்டர் சார் பாக்கணும்னு அப்படியே வெச்சிருக்கோம்."

"இத எழுதிக்கோங்க சார்"ன்னா இன்ஸ்பெக்டர் கிட்ட. அவர் எழுதிகினாரு.

எழுதி முடிக்கறதுக்குள்ள அவ ஏழாம் கூண்ட தொறந்து, வலது கைய இரும்புக்கு கீழ வெச்சுட்டா. கால் பெடலுக்கு மேல.

கலியமூர்த்தி பதறி ரெண்டு அடி எடுத்து வெச்சாரு. கிட்ட வராதீங்கன்னா. வந்து இடிச்சா கால் பட்டுடும்னா. யாரும் அசையல.

"என் வயரு அந்த மனுஷன கொன்னுதுன்னா, அதே வயருதான் இங்க கீது. என் கையயும் எடுத்துகினு போவட்டும்."

சொல்லிட்டு பேனல பார்த்தா. மெயின் போட்டிருந்துச்சு, பன்னெண்டு லைட்டும் எரிஞ்சுது. கூண்டு தொறந்திருக்கு.

ஏழாம் லைட்டு பச்சையா இருந்துச்சு.

மத்தவங்க எல்லாம் அவ கைய பார்த்துகினு இருந்தாங்க. லைட்ட பார்த்தவ அவ ஒருத்திதான். மேல தொங்கற இரும்புலேர்ந்து ஒரு சொட்டு எண்ணெ அவ பொறங்கைல விழுந்துச்சு. ஜில்லுனு.

பாஸ்கரன் அன்னிக்கு நடந்தத திரும்ப ஓட்டறான். அவனுக்கு வேற நாளே கிடையாது போல.

கைய எடுத்துடலாம். எடுத்தா, தன் வயர தானே நம்பலேன்னு ஆயிடும். பேப்பர்ல இருக்கறது உண்மையாயிடும்.

அவ உதடு மட்டும் அசைஞ்சுது. "நான் எடுக்க மாட்டேன் அண்ணே. நீதான் எடுக்கணும்."

டொக்.

பச்சை போயி செவப்பு வந்துச்சு.

அவ பெடலை மிதிச்சா. முழு பலத்தோட. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். பிரஸ் அசையல.

கைய வெளிய எடுத்து, புடவைல எண்ணெய தொடச்சுட்டு, மேனேஜர பார்த்து எடம் விட்டு நின்னா. "உங்க பிரஸ்தானே சார். யாரும் தொடாத பொட்டிதானே. நீங்க ஒரு தரம் கை வெச்சு காட்டுங்க."

பக்தவத்சலம் கை ரெண்டும் தானா முதுகுக்கு பின்னால போச்சு. அத இன்ஸ்பெக்டரும் பார்த்தாரு. அதுக்கப்புறம்தான் அவ ஆறாம் பொட்டியையும் எட்டாம் பொட்டியையும் தொறக்க சொன்னா. நறுக்கின நீல வயரு நுனிய இன்ஸ்பெக்டர் கண்ணாடிய கழட்டி வெச்சுகினு பார்த்தாரு. ரொம்ப நேரம் எழுதினாரு. கலியமூர்த்தி அந்த டைப் அடிச்ச பேப்பர நாலா கிழிச்சு பாக்கெட்ல போட்டுகினாரு, யாரும் சொல்லாமயே.

கடைசியில மெயினை எறக்க சொன்னாரு இன்ஸ்பெக்டர். உத்தமன் எறக்கினான். ஃபேன் நின்னுது. பதினோரு லைட்டு அணைஞ்சுது.

ஏழாம் லைட்டு அணையல.

இன்ஸ்பெக்டர் மெயினை பார்த்தாரு, லைட்ட பார்த்தாரு. அத மட்டும் அவர் எழுதிக்கல.

அன்னிக்கு சாயங்காலம் அவ வனஜா ஊட்டுக்கு போனா. உள்ள கூட போகல, வாசப்படியில நின்னுகினே ரெண்டு கையையும் நீட்டினா. "இது இல்ல வனஜா"ன்னா. வனஜா அந்த கைய கண்ணுல வெச்சுகினு அழுதா.

கேஸ் ஓட ஆரம்பிச்சுது. கேஸ் ஓடற வரைக்கும் மேனேஜர் மேனேஜராத்தான் இருந்தாரு. ஏழாம் பிரஸ்ஸுக்கு மட்டும் சீல் வெச்சாங்க, மிச்சம் பதினொண்ணும் ஓடிச்சு. அந்த செவப்பு லைட்ட பார்த்துகினு வேலை செய்ய முடியலேன்னு ஆளுங்க மொணகினாங்க. மேனேஜர் பல்ப கழட்டி எறிய சொன்னாரு. கழட்டினாங்க.

மறுநாள் காலைல, பிரஸ் எதுவும் ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னால, ஆறாம் லைட்டு செவப்பா எரிஞ்சுது.

அத கழட்டினாங்க. அதுக்கு அடுத்த நாள் அஞ்சு. இதெல்லாம் உத்தமன் தெனம் டீக்கடையில வஹீதுன்னிசாவுக்கு சொல்லுவான். நாலு, மூணு, ரெண்டு. ஒரு நாளைக்கு ஒரு படி, ஒரு நாள் கூட தவறல. எந்தப் பக்கம் நகருதுன்னு அவளுக்கு தெரியாதா? லைன் போட்டவளே அவதானே. எல்லா பொட்டியும் கையில இருக்கறத முன்னாலதான் தள்ளும்.

ஏழாவது நாள், காலைல பதினொரு மணி இருக்கும், கலியமூர்த்தி யூனிட்ல போன் அடிச்சுது. உனக்குத்தாம்மான்னு குடுத்தாரு. அந்தப் பக்கம் பக்தவத்சலம். கொரல் தேஞ்சு போயிருந்துச்சு.

"ஒண்ணாம் பல்பையும் காலைல கழட்டிட்டேம்மா. இப்ப பேனல்ல எந்த லைட்டும் எரியல. வயரெல்லாம் புடுங்கியாச்சு. பேனலயே எறக்கி வெளிய போட்டாச்சு. இதோட முடிஞ்சுதுல்ல? பேனலுக்கு அப்புறம் லைன் எங்கியும் போகலல்ல?"

அவளுக்கு பொய் சொல்ல மனசு வரல.

"போவுது சார். பிரஸ் நின்னா உங்களுக்கு தெரியணும்னு கேட்டீங்களே. உங்க ரூமுக்கு ஒண்ணு இழுத்தேன்."

அந்தப் பக்கம் நாற்காலி தள்ளற சத்தம். அப்புறம் மூச்சு. அப்புறம், போன்ல தெளிவா, மரப்பலகை மேல விரல் மடக்கி தட்டற சத்தம்.

டொக்.

"யாரு சார் ரூம்ல?"

"யாரும் இல்லம்மா. நான்தான். நான் மட்டும்தான்." கொரல் உடைஞ்சுது. "மேஜை மேல செவப்பா... இது டேபிள் லைட்டும்மா, வெள்ளை பல்பு, பிளக்க கூட சொருகல. நீ வந்து கிளாக் வயர கழட்டிடு. உன் கால்ல விழறேன்."

"கழட்ட வயரே இல்லயே சார். நீங்கதான் எல்லாத்தையும் புடுங்கிட்டீங்க."

"அப்ப எப்படி நிக்கும்?"

கலியமூர்த்தியும் மத்த ஆறு பொம்பளைங்களும் கை வேலைய விட்டுட்டு அவளையே பார்த்தாங்க. அவ ரிசீவர தோள்ல இடுக்கிகினு, பாதியில விட்ட ஈயத்த வெச்சு முடிச்சா. பளபளன்னு உருண்டு நின்னுது.

"எனக்கு தெரியாது சார். ஒரு பேப்பர் எடுங்க. ஏழ யார் தாண்ட சொன்னதுன்னு உங்க கையால எழுதி, கீழ கையெழுத்து போட்டுப் பாருங்க."

டொக்.

இந்த தரம் அது மேஜை மேல இல்ல. அவர் காதுல வெச்சிருந்த ரிசீவர் மேல.